ஆளுக்கொரு இரும்புக் கால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் அங்கே சுகமாகத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் சுகம் என்னிடம் சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்கிறது. முதலில் உன் அருமை மாமாவுக்கு, அவனிடமிருந்து உன் அம்மாவுக்கு, மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் எனக்கு. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றிருக்கிறார், அதை என்னிடம் சொல்வதற்கே மாடியேறி வந்தாள். உன் அறைக் கதவு தரையில் உரசுகிறது, வீட்டுக்காரர் அடியில் இழைத்துத் தருவதாகச் சொல்கிறார் என்று மாமாவிடம் சொன்னாயாம். இழைக்க விடாதே. மேல் கீலின் திருகு தளர்ந்து கதவு தொங்கியிருக்கும், இறுக்கினால் போதும், பிடிக்காவிட்டால் ஓட்டையில் ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகிவிட்டு இறுக்கு. கதவுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் வளர்ந்த பெண்ணுக்கு இதையெல்லாம் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. கதவை நெட்டுக்குத்தலாக நிறுத்தும் இரும்புக் கால்; அடியில் அகலமான தகடு, நடுவில் கதவு நுழைய வாய், இரண்டு பக்கமும் ரப்பர் வைத்த திருகு. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே எனக்கு எரிச்சல். ஆனால் ஒரு கதவு நிற்க இந்த முனைக்கு ஒன்று அந்த முனைக்கு ஒன்று வேண்டும், பெட்டியில் இருந்ததோ ஒன்று. பெட்டியைக் கவிழ்த்து உதறி, கொண்டுவந்தவனைத் திருடன் என்று திட்டி, அவன் "சார், ஒத்தையாதான் ஏத்தினாங்க, என் மேல ஏன் பாயறீங்க" என்று வாசலில் நின்று கத்தி, தெருவே வேடிக்கை பார்த்த பிறகுதான் உன் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து, "இன்னொண்ணு தம்பி வீட்டுக்கு வந்திருக்குங்க" என்றாள். ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கொன்றாகப் பிரித்து அனுப்பியிருக்கிறாய். கெட்டிக்காரி. "கீல் வாங்கிட்டு வரேம்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உன் மாமா வண்டியின் பின்னால் உட்கார்ந்து ரயில் நிலையத்துக்குப் போனவள்தானே நீ. அன்று சாயங்காலம் வரை கீலுக்காகக் காத்திருந்த முட்டாள் நான். வேதியியலில் பட்டம் வாங்கியவன், உன் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பட்டறையில் உன் மாமாவோடு சேர்ந்து பிரஷ் பிடித்தேன், யாரிடமும் முணுமுணுக்கவில்லை. பெற்ற பெண் வேலைக்காக ஊரை விட்டுப் போவதைக் கடைசியில் தெரிந்துகொள்ளும் ஆள் நானாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. உன் மேல் பாதி, அவன் மேல் பாதி என்று கோபத்தைப் பிரித்து வைத்திருக்கிறேன், யாருக்கும் குறை வைக்கவில்லை.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். வேலை எப்படி நடக்கிறது என்பது தெரியாது. ஒருவன் கதவின் மேல்விளிம்பை விரல் நுனியில் பிடித்து நிறுத்த வேண்டும், மற்றவன் பூச வேண்டும், ஈரத்தோடு திருப்ப வேண்டும். பேசாமல் எப்படி? பிரஷ் காம்பால் கதவில் ஒரு தட்டுத் தட்டினால் திருப்பு, இரண்டு தட்டினால் அசையாமல் பிடி, அதற்கு மேல் தட்டினால் திட்டு. சில நாள் மரங்கொத்தி புகுந்த மாதிரி இருக்கும் பட்டறை. எனக்கு அலுத்துப்போய்விட்டது. பட்டறையை நடுவில் தடுத்து ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்வோம் என்று உன் அம்மா மூலம் சொல்லி அனுப்பினேன். "நானே சொல்லணும்னு இருந்தேன், முந்திக்கிட்டார்னு சொல்லுக்கா" என்று பதில் வந்தது. எதிலும் என்னை முந்தவிட அவனுக்கு மனம் வராது.

தடுப்புக்குப் பலகை அடிக்க நம் தச்சன் அரையடியைக் கூப்பிட்டோம், எதைக் கேட்டாலும் அரையடி குறைத்துக்கலாம் என்கிற அதே ஆள்தான். ஆளுயர ஒட்டுப்பலகைகள். என் பக்கம் வெள்ளை, அவன் பக்கம் பச்சை, பாசி பிடித்த தொட்டி மாதிரி ஒரு பச்சை. இந்த இடத்தில்தான் சங்கடம். ஒட்டுப்பலகையில் ஒரு பக்கம் மட்டும் பூசிக் காயவிட்டால் வில்லாக வளைந்துவிடும், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பூசியாக வேண்டும். அந்தப் பலகையை அவன் விரலால் பிடிக்க நான் பூசுவதா? என் இரும்புக் காலை ஒரு முனையில் மாட்டி, மறுமுனைக்குச் செங்கல் அடுக்கி நானே நிறுத்தினேன். பாதி பூசும்போது குப்புற விழுந்தது, ஈர வெள்ளையில் மரத்தூள் அப்பிக்கொண்டது. அடுத்த பலகையை உன் மாமா தன் இரும்புக் காலில் மாட்டி மறுமுனையைத் தின்னர் டின்னில் சாய்த்தான், அதுவும் போயிற்று. விழுந்த சத்தம் எனக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அரையடி இரண்டையும் நிமிர்த்தி வைத்துவிட்டு, "ரெண்டு பெரிய மனுஷங்க, ரெண்டு கால், ஒரு பலகை. எனக்குக் கணக்கு வராது, நீங்களே போட்டுக்குங்க" என்றான். வாயை மூடு என்றேன். அவன் மூடவில்லை.

கடைசியில் உன் மாமா தன் காலைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து மறுமுனையில் மாட்டினான், என்னைப் பார்க்காமல் அரையடியிடம், "இது இரவல்னு அவருகிட்ட சொல்லு, காஞ்சதும் கழட்டிடுவேன்" என்றான். "எனக்கு அதுவரைக்கும்கூடப் பொறுமை இருக்காதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றேன். பலகை கல் மாதிரி நின்றது. நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், பலகைக்கு அடியில் அவன் பாதம் மட்டும் தெரிகிறது, அதே பித்தவெடிப்பு, ஒருநாளும் மருந்து போடமாட்டான். அவன் பிரஷை அழுத்தி இழுத்தால் என் பக்கம் அதிர்ந்து கோடு விழுகிறது, நான் இழுத்தால் அவன் அந்தப் பக்கம் உஸ் என்கிறான். வேறு வழியில்லாமல் அவன் இழுக்கும்போதே நானும் இழுக்க வேண்டியதாயிற்று. மேல்விளிம்புக்கு வந்ததும் இரண்டு பிரஷும் ஒரே இடத்தில் முட்டின. "விளிம்பு என் பக்கத்தோட சேர்ந்தது மச்சான்" என்றான், நேராக என்னிடமே. மச்சானாம். "எப்படா உன்னோடதாச்சு? மொத்தப் பலகையும் என் யோசனை" என்றேன். நீ போன பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது இவ்வளவுதான், இதை வைத்து அங்கே உட்கார்ந்துகொண்டு மனக்கோட்டை கட்டாதே. விளிம்பு இன்னும் வெறும் மரமாகத்தான் கிடக்கிறது.

பலகை அப்படியே நிற்கிறது, அவன் கால் ஒரு முனையில், என் கால் ஒரு முனையில். அது காய்ந்தால்தான் காலைக் கழற்றி அடுத்ததை மாட்ட முடியும். அதுவரை வாடிக்கைக்காரர் கதவுகளை முன்போலவே ஒருவன் பிடிக்க ஒருவன் பூசுகிறோம், தட்டிக்கொண்டுதான். அரையடி தினமும் காலையில் வந்து நச்சரிக்கிறான். நேற்று உள்ளங்கையை அழுத்தித் தடவிக் காட்டி, "சார், கண்ணாடி மாதிரி காஞ்சிருக்கு, ஆணி அடிக்கட்டுமா" என்றான். தச்சனுக்குப் பெயிண்டைப் பற்றி என்ன தெரியும்? எனாமல் மேலே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே காய நாளாகும், இது நான் படித்த பாடம். அவசரப்படாதே, உள்ளே ஈரம் இருக்கிறது என்றேன். பச்சைப் பக்கத்திலிருந்து, கேட்காமலே, "இங்கயும் காயலப்பா, நாளைக்கு வா" என்று குரல் வந்தது. வேதியியலில் ஓர் எழுத்துத் தெரியாது, பேச்சைப் பார்.

இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. அம்மாவுக்கு நீயே கூப்பிட்டுப் பேசு, எனக்கு வேண்டாம், நான் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிட்டால் போதும். நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் இரு. கோபக்காரன் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

மறக்காமல் ஒன்று. ஆளுக்கு இன்னொரு கால் வாங்கி அனுப்பட்டுமா என்று மாமா மூலம் அம்மாவிடம் கேட்டாயாம். எனக்கு வேண்டாம். அவனுக்கும் அனுப்பாதே, கையில் இரண்டு கிடைத்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
கோபம் தீராத
உன் அப்பா