தண்ணீர்க் குழியில் மூன்று கோடுகள்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

வாப்பா அள்ளித் தந்த வாவிச் சேற்றிலிருந்த பற்றீரியாவின் டிஎன்ஏ வளையத்தை நொதியத்தால் வெட்டினேன். துண்டுகளை ஆய்வுகூடத்தில் ஜெல் பாளத்தின் ஒரு குழியில் விட்டு மின்சாரம் பாய்ச்சியதும், அவை நீல ஒளியில் மூன்று கோடுகளாகத் தெரிந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் விட்ட பக்கத்துக் குழியிலும் அதே மூன்று கோடுகள். கைபட்டுக் கலந்திருக்கும் என்று பேராசிரியர் சிரித்தார். எல்லாம் புதிதாக எடுத்துச் செய்தேன், மறுபடியும் வந்தன. தோழி செய்தால் வருவதில்லை. பயப்படாதீர்கள்.

பார்சலில் வாசச் சவர்க்காரம் வையுங்கள். எப்போதும் கையுறையோடுதான் வேலை செய்கிறேன், ஆனாலும் விரல்களில் சேற்று மணம் போகவில்லை.

வேலைக்கு நேரமாகிறது. சேற்றுப் போத்தலைத் தந்தபோது வாப்பா, "அந்தப் பக்கம் இனித் தோணி விடமாட்டன் மகள்" என்றார். ஏனென்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மகள்,
பஹீமா