சந்தனப் பொட்டு வைத்த லேப்டாப்

நிலாக் கூடம். காலை 9.00

எழுதுவது சமையல்காரி முத்துப்பேச்சி. நிலாவில் இந்தக் கூடத்தில் இருப்பது நானும் எஞ்சினியர் சுடலைமணியும்தான். இன்று ஆயுத பூசை. இசக்கியம்மனைக் கும்பிட்டு, மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். மூடுவதற்கு முன் லேப்டாப்புக்குத் திரை மேலே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் ஒன்று. தலைக்கவசங்களுக்கு உள்ளே, கழுத்தோரம் ஒவ்வொன்று. அது சுடலைக்குத் தெரியாது, திட்டுவான். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். வெளியே போகும் பிள்ளைக்குக் காப்பு வேண்டாமா?

காலை 9.40

லேப்டாப்பைத் திறந்தேன். விசிறிச் சத்தம் வருகிறது, திரை இருட்டு. சுடலை எங்கே நிற்கிறான் என்பது இதில்தான் தெரியும். நான் பார்த்து வழி சொல்லாவிட்டால் அந்தத் தூசிக் காட்டில் அவனால் திரும்ப முடியாது. பூமியில் ரிப்பேர்காரரைக் கேட்டேன்.

"திரை போச்சும்மா. பணத்தக் கட்டுங்க, புதுசு அடுத்த கப்பல்ல வரும்."

அடுத்த கப்பலா! சுடலையை ரேடியோவில் கூப்பிடுகிறேன்.

காலை 9.55

ரேடியோவில் சுடலை: "பணம் கட்டிராதிய அத்தே. பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சு, அணைச்சுப் போடுங்க. சீக்கிரம், தலை வலிக்கு."

போட்டேன். இருட்டு. மூடியை ஆட்டச் சொன்னான். அப்போதும் இருட்டு.

"டார்ச்சச் சாய்ச்சு அடிங்க."

அடித்தேன். மங்கலாகப் படம் தெரிந்தது!

"அப்ப திரை போகல, வெளிச்சந்தான் கொறஞ்சிருக்கு. மேல ஒரு குட்டிக் கண்ணு இருக்கும், ரூம் வெளிச்சத்தப் பாத்துத் திரையக் கூட்டிக் கொறைக்கும். அத எதுவும் மறைக்கா?"

என் பொட்டு! முந்தானையால் துடைத்தேன். திரை பளிச்சென்று வந்தது.

"பொட்டா? நல்லா வச்சிய போங்க! இதுக்கா அந்தாளு புதுத் திரை வாங்கச் சொன்னான்?" சிரித்தான். சிரித்து முடிக்கும் முன்பே கொட்டாவி விட்டான்.

காலை 10.10

தலைவலி, இப்போது கொட்டாவி. கேட்டுவிட்டேன்.

"ஏலே, விட்ட மூச்சு கெட்ட காத்தாத் தேங்கினா கூவுமே, அந்தக் கண்ணு கவசத்துல எங்கல இருக்கு?"

"உள்ள, கழுத்தோரமா. அது கூவவே இல்லியே அத்தே, பச்சதான் எரியுது. எனக்குத்தான் கண்ணச் சொக்குது. கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்."

"உக்காராத! இடது பக்கம் திரும்பி நட! லே!"

காலை 10.20

திரை நன்றாகத் தெரிகிறது. பள்ளத்தின் ஓரத்தில் அவன் புள்ளி. நகரவில்லை. ரேடியோவில் குறட்டை மாதிரி ஒரு சத்தம்.

தாயே, உன் பேரைச் சொல்லித்தானே வைத்தேன்.

10.25

மிச்சமிருக்கும் ஒரு கவசத்தை எடுத்தேன். அதிலும் கழுத்தோரம் என் சந்தனம், காய்ந்துபோய். சுரண்டச் சுரண்ட அந்தக் கண்ணின் துளைக்குள்தான் போகிறது. பரவாயில்லை. போட்டுக்கொண்டு போகிறேன்

ஏலே சுடலை தூங்கிராத