வேலைக்காக விழுங்கிய மாத்திரை

கார்லண்டுக்கு,

என் ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைத் திருடியது நீதான். கம்பெனியின் உடல் பரிசோதனைக்கு முந்தைய வாரம் முழுக்க அவற்றை விழுங்கி, ரத்த அழுத்தத்தை இறக்கிக் காட்டிவிட்டு, ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் மணல் வேலைக்கு விமானம் ஏறிவிட்டாய். போனில் சொன்னால் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

மாத்திரை குறைகிறதே என்று நான் மருந்துக்கடை மாக்சினோடு சண்டைக்குப் போனேன். “ஹெட்லி ஐயா, நான் எண்ணித்தான் குடுத்தேன். மாத்திரைக்குக் கால் முளைச்சிருக்கு. அது யார் காலுன்னு வீட்டுல போய்ப் பாருங்க” என்றாள். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து உன் மனைவி ரோடாவிடம் கேட்டேன். “மெடிக்கல்ல பாஸாகத்தான் எடுத்தாரு, மாமா. பாஸாயிட்டாரு, இனி எதுக்குன்னு விட்டுட்டாரு” என்று சொல்லி அழுதாள்.

கம்பெனியை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறாயா? உன் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு அந்தச் சான்றிதழைப் படிக்கத் தெரியாது. அடைத்த குழாயை விரிக்க எனக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு நூலகத்தில் இதைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் படித்தவன் நான். கொதிப்பு சத்தமில்லாமல் குழாயின் சுவரைக் கெடுக்கும். கொழுப்பும் சிகரெட்டும் கூடச் சேர்ந்தால் அடைத்துவிடும்.

“எனக்கு ஒண்ணும் பண்ணலையேப்பா” என்பாய். உன் அண்ணன் வில்ஃபும் அதையேதான் சொன்னான். பனி அள்ளப் போய் நெஞ்சடைத்து விழுந்தவனை வாசலிலிருந்து தூக்கி வந்தது நான்.

இனி நடக்க வேண்டியதைக் கேள். நாளைக் காலையே நீ வேலை முகாம் நர்ஸிடம் போய், அடுத்தவர் மாத்திரையைத் தின்று தேறியதைச் சொல்ல வேண்டும். வேலை போனால் போகட்டும், நம் மீன்பிடிப் படகு சும்மாதான் கிடக்கிறது. உனக்கென்று டாக்டர் எழுதும் மருந்தை வாங்கித் தினமும் சாப்பிடு, முகாமிலும் சரி, வீட்டிலும் சரி. சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல். சிகரெட்டை விடு. லாரி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்கத்தான் என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். நீ வீட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ரோடா வாளியிலிருந்து உப்பில் ஊறிய மாட்டிறைச்சியை எடுக்கக் கூடாது. கோழியோடு முட்டைக்கோசும் கிழங்கும் வெந்தால் போதும். நீ முறைத்தால் முறைத்துக்கொள். என் டப்பாவை நான் பூட்டிவிட்டேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் வில்ஃபுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. எனக்கு முன்னால் அங்கே யாரும் போகக் கூடாது.

உன் அப்பா,
ஹெட்லி