நண்டுதின்னி

அன்பின் றெஜினா,

சனிக்கிழமை நீயும் என் பழைய வகுப்புப் பிள்ளைகளும் ரீச்சரும் பறவை பார்க்க அப்பாவின் பாய்த்தோணியில் ஏறியபோது, நான் சுக்கானைப் பிடித்தபடி தலை குனிந்தே இருந்தேன். நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு உங்களை ஒன்றாகப் பார்த்தது அன்றுதான்.

மண்டைதீவுச் சேற்றில் நின்ற பறவை எதுவென்று ரீச்சர் கேட்டார். "இவளைக் கேளுங்கோ ரீச்சர், இவளுக்குத் தெரியாத பறவை இல்லை" என்றாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"உவதானோ உன்ரை பறவைப் புரொபெசர்?" என்று ஒருத்தி உன்னைப் பார்த்துச் சிரித்தாள். இறங்கும்போது நீ என்னிடம் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

அது நண்டுதின்னி. கறுத்த முதுகு, தடித்த சொண்டு. போன வருடம் இதே தோணியில் இருந்து நாம் பார்த்து, பெயர் தேடிக் கண்டுபிடித்து, உன் கொப்பியில் வரைந்த அதே பறவை.

பாயைச் சுருட்டிக்கொண்டே அப்பா, "காத்துக்குப் பயப்பிடாதவள் நாலு பெட்டையளுக்குப் பயந்திட்டாய்" என்றார்.

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் ரீச்சரை மறித்து, "அது நண்டுதின்னி. றெஜினா சொன்னது சரி. எனக்குத் தெரியும்" என்றேன். அந்தப் பிள்ளைகளும் நின்றார்கள். தலை குனியாமல் சொல்லி முடித்தேன். நீ காய்ச்சலென்று வரவில்லையாம். நீ கேட்க வேண்டுமென்றுதான் அவ்வளவு தூரம் போனேன்.

ஞாயிறு பூசை முடிய வாடைக்காற்று நன்றாக இருக்கும். தோணியின் முன்பக்கத்து அணியத்தில் உன் இடத்தில் யாரையும் இருக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் சுக்கான்காரி