தயாளனின் மெயில்

என்னங்க,

சோறும் புளிக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் ஜீப்பில் அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

கம்ப்யூட்டரில் மெயில் ஏன் ஊர்ந்து வந்தது தெரியுமா? போன வருஷம் இறந்த உங்கள் தம்பி தயாளனின் கணக்கும் அதில் ஓடுகிறது. அதை எடுக்கக் கூடாது என்று கத்தினீர்களே, எடுக்கவில்லை. கடைசி முப்பது நாள் மெயில் மட்டும் இறங்கும்படி மாற்றினேன். நம்முடையது உடனே வந்துவிட்டது. அவருடையது காலியாக இருக்க வேண்டும். ஆனால் அனுப்பியவற்றில் ஒன்று இருக்கிறது, எனக்கு. தேதி நேற்று. நேற்று முழுக்க நாம் இருவரும் செங்கம் சந்தையில் இருந்தோம்.

“அண்ணி, சாவிய எப்பவும் போல துளசித்தொட்டி அடியில வெச்சிட்டுப் போங்க. வூட்டுக்கு வர்றேன்.”

உங்களிடம் உள்ள சாவியில் திறந்துகொள்ளுங்கள். என்னுடையதைக் கையோடு கொண்டுபோகிறேன்.

காவியா

பி.கு.: காலையில் துளசித்தொட்டி நகர்ந்திருந்தது. நீங்கள்தான் நகர்த்தினீர்கள் என்று ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.