பந்தல் ஓலையில் வந்த ஓணான்

தூத்துக்குடி
ஞாயிறு, ஆராதனை முடிந்து

என் செல்ல மகள் ஜெமிக்கு அப்பா அற்புதமணி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பெங்களூர்க் குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிறாயா? போடுகிறேன் என்றுதான் சொல்வாய், போட மாட்டாய், எனக்குத் தெரியாதா!

அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. இங்கே மூன்று நாளாக மழை, துறைமுக ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் ஸ்பீடு போஸ்ட்.

போன வாரம் போனில் குதித்தாயே. கடற்கரை விசிறி ஓணானும் சாத்தான்குளம் செம்மணல் மேட்டுத் தேரி ஓணானும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு இனம், நம் கோயில் பொட்டலில் நீ பிடித்த நாலும் தேரி இனம் என்று டிஎன்ஏ சொல்கிறது என்றாய். தேரி ஓணானின் எல்லை துறைமுகம் வரைக்கும் வருகிறது, வரைபடத்தில் நம் கோயிலுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டேன் அப்பா என்றாய். நான் சும்மா இருந்தேனா? குருவானவரிடம் சொல்லி, புதன்கிழமை ஸ்தோத்திர ஜெபத்தில் உன் பெயரை வாசிக்க வைத்தேன்.

ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய். நடுவில் தாமிரபரணி ஓடுகிறது, ஆனாலும் ரெண்டு ஊர் ஓணானுக்கும் டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, நீந்தியா வந்திருக்கும் என்று சிரித்தாய். ஜெபம் முடிந்து வீட்டுக்கு வரும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

அது லாரியில் வந்தது கண்ணு. நான்தான் கொண்டுவந்தேன்.

நீ பிடித்ததற்கு முந்தின வருடம், கோயில் அசன விருந்துக்குப் பந்தல் பொறுப்பு எனக்கு. தகரக் கொட்டகை போதும் என்றார்கள். ஆயிரம் பேர் வெக்கையில் உட்கார்ந்து சாப்பிடவா, ஓலைப் பந்தல்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். தேரியில் காயப்போட்டிருந்த பனை ஓலையைச் சுடலைக்கண்ணன் ரெண்டு லாரியில் ஏற்றி வந்தான். இறக்கும்போது, "அண்ணாச்சி, ஓலைக்குள்ள ஓணான்லா கெடக்கு, தொண்டைய விசிறி மாதிரி விரிக்கு" என்று கத்தினான். "கெடக்கட்டும்ல, அதுவும் அசனத்துக்கு வந்திருக்கு" என்றேன் நான். விருந்து முடிந்து ஓலையெல்லாம் அந்தப் பொட்டலில்தான் கிடந்தது.

எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று துறைமுகத்தில் முப்பது வருடம் சரிபார்த்தவன் நான். வெட்கமாக இருக்கிறது. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுக்க மனசு வராமல் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று அம்மாவிடம் சொன்னேன். "ஏங்க, பிள்ள அஞ்சு வருசம் ஒழச்சதுல ஒங்க ஓலையால பொய் சேரவா? ஒடனே எழுதுங்க" என்று பிடித்துத் திட்டினாள்.

பதினைந்தாம் தேதி ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பப் போகிறாய். அதற்குள் நம் புள்ளியை எடுத்துவிடு கண்ணு. உன் பெயருக்கு ஒரு குறை வந்தால் அப்பாவால் தாங்க முடியாது. கோபம் வந்தால் நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போன் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

கடற்கரையில் மறுபடி பிடிக்க வேண்டியிருக்குமே? நீ கடைசியாக இங்கே வந்ததே அந்த நாலைப் பிடிக்கத்தான், ரெண்டு வருடம் ஆகிறது. அம்மா உன் கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றுகிறாள். எங்களைப் பார்க்க லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஓணானுக்காகவாவது வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
அற்புதமணி