அத்தான் உட்கார்ந்த தோல் சீட்டு

ஊருக்கெல்லாம் துறைமுக ஆபீசர், எனக்கு மட்டும் அத்தானாகிய உங்களுக்கு,

நீங்கள் கண்ணை மூடி, வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம். பாலிகஞ்சில் நம்ம தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுவிட்டார்கள். தமிழ்ச் சங்கத்து மலரில் உங்களைப் பற்றி எழுதக் கேட்டார்கள். கல்கத்தாவில் என்னைவிட நன்றாக எழுத ஆளில்லை என்பதால் உடனே ஒத்துக்கொண்டேன். ஒன்பதாவதோடு நின்றவன்தான். ஆனால் அந்த ஒன்பதாவதை இரண்டு தடவை படித்திருக்கிறேன், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெருமையாக நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தால், உங்கள் காரின் சீட்டைத் தாண்டிப் பேனா நகரவில்லை.

அந்தத் தோல் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாங்ராவில், தோல் பதனிடுகிற சந்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் பொறுக்கி எடுத்த எருமைத் தோல் அது என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் அதற்கு என்ன பணிவிடை! துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, தையல் தையலாகத் துடைத்து, நிழலில் காயவிட்டு, விரல் நுனியில் கிரீம் தொட்டுத் தடவுவீர்கள். ஒருநாள் நான் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு உதவிக்கு வந்தேன்.

"ஏல, தோசைக்கல்லாலே இது? எண்ணெய ஊத்துனா தூசிய இழுத்து வச்சுக்கிடும், தையலும் இத்துப்போவும். கீழ வைலே" என்றீர்கள்.

அப்படிப் பார்த்தும் பதினைந்து வருஷத்தில் டிரைவர் சீட்டு தேய்ந்துவிட்டது. ஏறி இறங்குகிற வலது ஓரம் வெளுத்து, நடுவில் வெடிப்பு விட்டு, உங்கள் உடம்பின் அளவுக்கு ஒரு பள்ளம். நீங்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கீழே இறங்கி வந்து, வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு இருப்பாளாம். எனக்கு அப்போது இது தெரியாது அத்தான். இந்த ஒன்றில் நான் அளக்கவில்லை.

ஆடியில் அக்கா திருநெல்வேலிக்குப் போனாள். ரயில் ஏறும்போது உங்கள் மகள் பானுவிடம், "மழ பெய்யுது, அப்பா சீட்ட ஒழுங்கா வச்சுக்கிடச் சொல்லு மாமாட்ட" என்று சொல்லியிருக்கிறாள். பானு சால்ட் லேக்கில் தன் ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்தாள். தமிழைவிடப் பெங்காலிதானே அவள் நாக்கில் முந்தி வரும்? "மாமா, சீட்டா டிக் கோரே ராக்தே போலேச்சே மா" என்றாள். சீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா என்று அர்த்தமாம். என் காதில் 'டிக் கோரே' மட்டும்தான் ஏறியது. அதை 'சரி பண்ணு' என்று எடுத்துக்கொண்டேன். "புஜே கேச்சி, புஜே கேச்சி" என்று, எல்லாம் புரிந்துவிட்டதாகக் கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

என்ன புரிந்தது எனக்கு?

மறுநாளே மல்லிக் பஜாரில் சீட்டு தைக்கிறவரிடம் வண்டியை விட்டேன். அவரைக் குறை சொல்ல முடியாது. தோல் இன்னும் உழைக்கும், துடைத்துக் கிரீம் போட்டால் போதும் என்றுதான் சொன்னார். நான்தான் விடவில்லை. உள்ளே புது ஸ்பான்ஜ் அடைத்து, வெடிப்பில் பசை பூசித் தேய்த்து, மேலே சாயம் ஏற்றி, ஷோரூம் வண்டி தோற்றது போங்கள்! பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் ரயிலைத் தவறவிட்டு நின்று பார்த்தார்கள் என்று எழுதத்தான் கை போகிறது. பார்த்தவர் கீழ்வீட்டுப் பெரியவர் ஒருவர்தான். அவருக்கும் கண்ணில் புரை.

அக்கா திரும்பி வந்தாள். நானே கதவைத் திறந்து காட்டினேன், பானுவும் நின்றாள்.

"ஏல, இது யாரு சீட்டு?"

"நம்ம சீட்டுதாங்க்கா. எப்பிடிப் பளபளங்குது பாத்தியா?"

அவள் நடுவில் அழுத்திப் பார்த்தாள். அமுங்கிவிட்டு உடனே மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள். "இங்க இருந்தவங்க எங்கலே?"

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "பானுதாங்க்கா சரி பண்ணச் சொன்னா. சொன்னதச் செஞ்சேன்."

அக்கா மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஒங்கப்பா இருந்த தடம் ஒனக்கு அசிங்கமாத் தெரிஞ்சுச்சோ?"

"நான் அப்டிச் சொல்லவே இல்ல மா! மாமா, போலோ நா! சொல்லுங்க மாமா!"

நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து ஒரே வீட்டில் தாயும் மகளும் பேசுவதில்லை. மேஜையில் சோறு மூடி இருக்கும், வைத்தவள் இருக்க மாட்டாள். பானு பெங்களூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். பூஜை முடிந்ததும் கிளம்புகிறாளாம்.

ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. பெங்காலிக்காரர்களே பெங்காலியில் சந்தேகம் என்றால் என்னிடம் வருகிறார்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வந்தவன் நான். எனக்கு அது வராது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கரியாஹாட் மார்க்கெட்டில் புது மீன் வேண்டும் என்று, நம்ம 'பச்சை'யை நீட்டி, "பச்சா மாச் தாவ்" என்று கேட்டேனே! பெங்காலியில் அது அழுகல் மீனாம். மீன்காரர் அரிவாள்மனையை விட்டு எழுந்தே விட்டார். நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். வீட்டில் வந்து அக்காவிடம் என்ன சொன்னீர்கள்? "மச்சினன் பேசுன பேச்சுல மார்க்கெட்டே எந்திரிச்சு நின்னுட்டு!"

ஏன் அத்தான் அப்படிக் காப்பாற்றினீர்கள்? அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து நீங்களும் சிரித்திருந்தால், நான் போனில் "என்ன சொன்ன பாப்பா? தமிழ்ல சொல்லு" என்று கேட்டிருப்பேனோ?

குற்றத்தை உங்கள் தலையில் தூக்கி வைக்கவில்லை. நீங்கள் இருந்தால் நேரிலேயே கேட்டிருப்பேன், அவ்வளவுதான்.

மலர் இன்னும் பத்து நாளில் அச்சாகி வரும். அக்கா இதை அதில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இன்று பானு ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து வருவாள். இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போது போய் நிற்பேன். எனக்குப் பெங்காலி தெரியாது, பானு சரியாகத்தான் சொன்னாள், இரண்டே பேச்சு. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மாட்டேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அந்தப் பள்ளத்தை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது. உங்கள் மகளையாவது அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அக்காவுக்குத் தம்பி, பானுவுக்குத் தாய்மாமன்,
உங்கள் மச்சினன்
சுப்பையா